அண்ணனுக்கு உருக்கிய வெண்ணெய்

கெல்சியின் கார் வந்து நின்று பத்து நிமிடமாகியும் அவள் இறங்கவில்லை. டார்லா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வெங்காயக் கொட்டகையில் அரைநாள் வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வெங்காய வாடை போகவில்லை. மகளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைசியாக வந்தபோது ஏதோ விண்ணப்பத்துக்காகப் பிறந்த ஆஸ்பத்திரியின் பழைய காகிதம் ஒன்றைக் கேட்டு வந்தாள். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடைசியில் கெல்சி இறங்கினாள். கையில் ஒரு காகிதப் பை. இந்த ஊரில் இருக்கும் கஞ்சாக் கடைகளில் கொடுக்கிற பை அது. ஸ்னேக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆரிகன் மாநிலத்தில், கஞ்சாவைப் பால் வாங்குவது போல வாங்கலாம். பாலத்தைத் தாண்டி ஐடஹோவுக்குள் போய்விட்டால் அதே பைக்குச் சிறை. அதனால்தான் இந்தக் கடைவாசல்களில் நிற்கிற கார்களில் பாதிக்கு மேல் ஐடஹோ கார்கள்.

"டார்லா, உள்ள வரலாமா?"

அம்மா என்று கூப்பிட மாட்டாள் என்று தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் டார்லாவின் காதில் வேறு யாரையோ கூப்பிடுவது போல விழும்.

"வா, வா. நாற்காலில பூனை முடி இருக்கும். இரு, துடைச்சுடறேன்."

டார்லா துடைக்கும்வரை கெல்சி காத்திருக்கவில்லை. உட்கார்ந்ததுமே பேச்சைத் தொடங்கினாள். காரில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருப்பாள் போல.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. கணையத்துல புற்றுநோய். மே மாசம் கண்டுபிடிச்சாங்க. கீமோ ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணும் உள்ள தங்க மாட்டேங்குது. நாற்பது பவுண்டு இறங்கிட்டாரு."

அப்பா என்று அவள் சொன்னது டார்லாவின் அண்ணன் வெர்னை. டார்லாவுக்கு எட்டு வயது மூத்தவன். மாவட்டக் காவலில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

"எனக்கு யாரும் சொல்லல," என்றாள் டார்லா.

"யாருக்கும் சொல்ல வேண்டாம்னுட்டாரு. சபைல மட்டும் தெரியும்." கெல்சி பையை மேசைமேல் வைத்தாள். "கடைல விக்கிற மிட்டாய் எல்லாம் வாங்கிப் பார்த்தாச்சு. தித்திப்பு வாயில பட்டாலே வாந்தி எடுக்கறாரு. ஊதறதுக்கு மூச்சு பத்தாது. உருளைக்கிழங்கு மசியல் மட்டும் ரெண்டு வாய் இறங்குது. அதுல வெண்ணெயாப் போட்டுக் கொடுத்தா சாப்பிடுவாரு. நானே செஞ்சு பார்த்தேன், தீஞ்சு போச்சு. வீடு முழுக்க நாத்தம். பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கறேன், பக்கத்து வீட்டுல யாராவது மோப்பம் பிடிச்சா என் கதை முடிஞ்சுது."

பையை டார்லா பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுக்குச் செய்யத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

அதைச் சொன்ன விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. ஒருவருக்குத் தச்சு வேலை தெரியும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். டார்லாவுக்கு அதுதான் அதிகம் சுட்டது.

அந்த வெண்ணெய்க்காகத்தான் டார்லா இரண்டே கால் வருடம் சிறையில் இருந்தாள். அந்த வெண்ணெயால்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண் வேறொரு வீட்டில் வளர்ந்தாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. அப்போது எல்லோரும் ஐடஹோ பக்கம்தான் இருந்தார்கள். டார்லாவுக்கு முப்பத்தைந்து வயது. லாரி ஓட்டிய கணவன், கெல்சி பிறந்த மறு வருடமே லாரியோடு போனவன் திரும்பவில்லை. ஆறு வயது மகளோடு டார்லா தன் அம்மா ஓப்பலின் வீட்டில் இருந்தாள். ஓப்பலுக்கும் இதே நோய்தான், வயிற்றில். கீமோ கொடுத்துவிட்டு வந்தால் நாலு நாளைக்குத் தண்ணீர்கூட இறங்காது. ஒருநாள் ஓப்பலே சொன்னாள்: "ஏண்டி டார்லா, அந்தச் செடி பசியைக் கிளப்புமாமே. ஆஸ்பத்திரில பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னா. எங்கேயாவது பிடிச்சுட்டு வாயேன். செத்தாலும் வயித்துல ஏதாவது போட்டுக்கிட்டுச் சாகறேன்."

டார்லா பிடித்துக்கொண்டு வந்தாள். வெண்ணெயில் இறக்கக் கற்றுக்கொண்டாள். ஓப்பல் ரொட்டியில் தடவித் தின்றாள். தின்றுவிட்டு, மூன்று மாதத்தில் முதல்முறையாக, முட்டை பொரித்துத் தரச் சொன்னாள். வாராவாரம் பார்க்க வரும் வெர்ன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவான். பின் ஜன்னலைத் திறந்துவிடுவான். எதுவும் கேட்க மாட்டான். போலீஸ்காரன் கேட்காமல் இருந்தால் தெரியும் என்றுதானே அர்த்தம்?

ஒரு வியாழக்கிழமை அவன் வேலைக்குப் போகும் வழியில் வந்தான். டார்லா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள், ஓப்பல் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் வெந்த உருளைக்கிழங்கு இருந்தது. இரண்டைப் பிளந்து, குளிர்பெட்டியில் மேலே எதுவும் எழுதாத பழைய மார்ஜரின் டப்பாவில் இருந்த வெண்ணெயை அள்ளிப் போட்டுத் தின்றுவிட்டு ரோந்துக்குப் போய்விட்டான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தனக்கு மாரடைப்பு என்று நினைத்துக் கதறிக்கொண்டே காரைப் பாசன வாய்க்காலில் இறக்கினான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.

ரத்தத்தில் கஞ்சா எப்படி வந்தது என்று மேலதிகாரி கேட்டபோது வெர்ன் சொன்ன பதிலில்தான் டார்லாவின் மீதி வாழ்க்கை தீர்மானமானது. அம்மா கேட்டாள், தங்கை செய்தாள், நானும் கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அவன் வேலை போயிருக்கும். அவன் வேறு மாதிரி சொன்னான். யாருக்கும் தெரியாமல் தங்கை சாப்பாட்டில் கலந்து வைத்திருக்கிறாள். அம்மாவுக்கே தெரியாமல் அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நீதிமன்றத்திலும் அதையே சத்தியம் செய்து சொன்னான். நான் வந்து சொல்கிறேன் என்று ஓப்பல் படுக்கையிலிருந்து கத்தினாளாம். மார்ஃபின் மயக்கத்தில் உளறுகிறாள் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டான். தீர்ப்புக்குப் பதினோரு நாள் முன்பு ஓப்பல் செத்துப்போனாள். டார்லாவைக் கைவிலங்கோடு கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். இருபது நிமிடம் கொடுத்தார்கள்.

நோயாளித் தாய்க்குத் திருட்டுத்தனமாகப் போதை கொடுத்தவள் என்று எழுதப்பட்ட பெண்ணிடம் எந்த நீதிபதி குழந்தையைக் கொடுப்பான்? பிள்ளையில்லாத வெர்னும் அவன் மனைவி லோரேனும் கெல்சியைச் சட்டப்படித் தத்து எடுத்தார்கள். சிறையிலிருந்து வந்த பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை, அதிகாரி ஒருவரின் முன்னிலையில், ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றார்கள். குழந்தை லோரேனின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நிற்கும். ஒரு வருடம் போய்ப் பார்த்த டார்லா, பிறகு போகவில்லை. ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"செய்யறேன்," என்றாள் டார்லா இப்போது. "ஆனா நேரம் ஆகும். நீ பார்த்துக் கத்துக்கணும்னா இருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். மூணரை."

உண்மையில் இரண்டரை போதும்.

பையிலிருந்த பூவை டார்லா விரலால் உதிர்த்துத் தட்டில் பரப்பி ஓவனில் வைத்தாள். சூடு அதிகமாகாமல், நாற்பது நிமிடம். "பச்சையாப் போட்டா வெறும் தழை மாதிரி, ஒண்ணும் வேலை செய்யாது. முதல்ல இப்படி வறண்டு, லேசாப் பழுப்பாகணும். நீ இதைச் செஞ்சிருக்க மாட்டே."

"நேரா வெண்ணெய்ல போட்டு அடுப்புல வெச்சேன்."

"அதான் தீஞ்சிருக்கு. வெண்ணெய் நெருப்பைத் தொடக்கூடாது."

பெரிய பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் வைத்துக் கொதிவர விட்டு, அடுப்பைக் குறைத்து, அதன் வாய்மேல் எஃகுக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தினாள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடவில்லை. ஆவி மட்டும்தான் பட்டது. உப்பில்லாத வெண்ணெய் இரண்டு கட்டியைக் கிண்ணத்தில் போட்டாள். அது மூலையிலிருந்து சாய்ந்து, சறுக்கி, மஞ்சளாக இளகியது. ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்தாள். வறுத்த பூவைக் கையால் நொறுக்கித் தூவினாள். மரக்கரண்டியால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மூடி வைத்தாள்.

"இனி கால்மணிக்கு ஒருதடவை கிளறணும். கீழ தண்ணி வத்தாம பார்த்துக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பக்கத்துல இருக்கறதுதான் வேலை."

வீட்டில் வாடை பரவியது. ஈர வைக்கோலை நெய்யில் வதக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கெல்சி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். திறந்த கை அப்படியே வெர்னைப் போல, மணிக்கட்டால் சட்டத்தைத் தள்ளித் திறந்தது. வளர்த்தவனின் கை பழகிவிட்டது என்று டார்லா நினைத்துக்கொண்டாள்.

பள்ளியில் என்ன வேலை என்று கேட்டாள். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வேலை என்று கெல்சி சொன்னாள். யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். போன வருடம்வரை ஒருத்தன் இருந்தான், நல்லவன்தான், சரிவரவில்லை என்றாள். ஏன் என்று டார்லா கேட்கவில்லை. கேட்கிற உரிமை எந்த இடத்தில் முடிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் கெல்சி நாலைந்து முறை போனைப் பார்த்தாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. ஒரு முறை அவளே கரண்டியை வாங்கிக் கிளறினாள்.

கிளறிக்கொண்டே கேட்டாள்: "பாட்டிக்கும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

"இப்படித்தான்."

"அவங்களுக்குத் தெரியாம."

டார்லா கீழ்ப் பாத்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் அடுப்பில் சிந்திச் சீறியது. இருபத்திரண்டு வருடமாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில், நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இந்தப் பெண் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கிறது.

"வெர்ன்கிட்டக் கேளு," என்றாள்.

"கேட்டிருக்கேன். பல தடவை."

கெல்சி மீண்டும் கிளறத் தொடங்கினாள்.

மூன்றரை மணி நேரம் முடிந்ததும் டார்லா மெல்லிய துணியில் வடிகட்டினாள். "பிழியாதே. ஆசைப்பட்டுப் பிழிஞ்சா கசப்பு எல்லாம் இறங்கிடும். தானா சொட்டினது போதும்." பச்சை கலந்த மஞ்சள் வெண்ணெய் கண்ணாடிப் போத்தலில் இறங்கியது. குளிர்பெட்டியில் இறுகியதும் அடியில் தங்கிய தண்ணீரைக் கொட்டினாள். மூடிமேல் தடித்த பேனாவால் பெரிதாக எழுதினாள்: கஞ்சா வெண்ணெய். வெர்னுக்கு மட்டும். அரைத் தேக்கரண்டி.

கெல்சி கை நீட்டியபோது டார்லா கொடுக்கவில்லை.

"நீ பாலத்துல இதோட மாட்டினா வேலை போகும். நான் கொண்டுவரேன், நாளைக்கு."

"நீங்க மாட்டினா?"

"என்கிட்ட எடுத்துக்க இன்னும் என்ன இருக்கு?"

கெல்சி அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "நன்றி, டார்லா. நிஜமா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. போத்தலைத் துண்டில் சுற்றி, வெங்காயச் சாக்கு ஒன்றின் அடியில் புதைத்து, கார் டிக்கியில் வைத்துக்கொண்டு டார்லா பாலத்தைத் தாண்டினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ் கார் மரத்தடியில் நின்றது. உள்ளே இருந்தவன் ஏதோ தின்றுகொண்டிருந்தான். அவள் தலையைத் திருப்பாமல் கடந்தாள். தோள்பட்டை வலிக்கும் அளவுக்கு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் தெரிந்தது.

லோரேன்தான் கதவைத் திறந்தாள். இளைத்து, வெளுத்து, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். "வந்தியா," என்றாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

வெர்ன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் இருந்தான். நூற்றுத் தொண்ணூறு பவுண்டு இருந்த ஆள். இப்போது சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. தங்கையை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏய் பொடிசு. இந்தத் தடவையாவது மூடியில எழுதினியா?"

"எழுதியிருக்கேன். கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி."

"நல்லது. வாய்க்கால்ல இறக்கக் கார் இல்ல என்கிட்ட. வித்தாச்சு."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓக்களிப்பாகி, லோரேன் ஓடிவந்து பாத்திரம் பிடித்தாள். டார்லா சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கை மசித்தாள். உப்பு, கொஞ்சம் பால், அளந்து அரைத் தேக்கரண்டி வெண்ணெய். தட்டை அவன் மடியில் வைத்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெர்ன் கண்ணைத் திறந்து, "லோரேன், வேற என்ன இருக்கு?" என்று கேட்டான். கெல்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். லோரேன் தக்காளி சூப் சூடு பண்ண ஓடினாள். டார்லா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

அப்படி ஆறு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிண்ணத்தையும் பாத்திரத்தையும் ஏற்றி வைத்து ஒற்றை ஆளாய்க் கிளறினாள். கெல்சி அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வரவில்லை. அளவு முக்காலாகி ஒரு தேக்கரண்டியானது. வெர்ன் பதினாலு பவுண்டு ஏறினான். சபையில் அவனுக்காக ஜெபித்தவர்கள் கடவுள் கேட்டுவிட்டார் என்றார்கள். லோரேன் ஆமாம் என்று தலையாட்டினாள்.

நாலாவது ஞாயிறு, கெல்சி மருந்து வாங்கப் போயிருந்தபோது, டார்லா தட்டை அவன் மடியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"வெர்ன், ஒண்ணு கேக்கணும்."

"கேக்காம இருப்பியான்னுதான் மூணு வாரமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"அம்மா கேட்டுத்தான் செஞ்சேன்னு உனக்குத் தெரியும்ல?"

அவன் ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்று விழுங்கினான்.

"தெரியும். பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாளாம். அம்மாவே என்கிட்டச் சொன்னா, நீ கொண்டுவர்றதுக்கு முன்னாடியே. முதல்ல என்னைத்தான் கேட்டா, பறிமுதல் பண்ணதுல கொஞ்சம் எடுத்துட்டு வாடான்னு."

இது டார்லாவுக்குத் தெரியாது. சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்ப ஏன்டா?"

"வேலை. வீட்டுக் கடன். வேற என்ன இருக்கும்னு நினைக்கறே? உனக்கு ஆறு மாசம்தான் கொடுப்பாங்கன்னு வக்கீல் சொன்னான். ரெண்டு வருஷம் போட்டுட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்? திரும்பிப் போய், பொய் சொன்னேன்னு சொல்லவா?"

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நான் உள்ள போயிருப்பேன். கெல்சி யார்கிட்ட இருந்திருப்பா? அனாதை இல்லத்துல. அவளைப் பாரு, எப்படி வளர்ந்திருக்கா. நீ வளர்த்திருந்தா இப்படி வந்திருப்பாளா?"

டார்லா அவன் மடியிலிருந்த தட்டைப் பார்த்தாள். எழுந்து அந்தத் தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம். போத்தலை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அடுத்த வாரம் அவன் பாத்திரத்தில் குனிந்து பித்தநீரை வாந்தி எடுப்பான். அதையெல்லாம் நினைத்தாள். கை மட்டும் நாற்காலியின் கையைவிட்டு எழவில்லை.

"இப்ப சொல்லு. என்கிட்ட வேண்டாம், அவகிட்டச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல. மன்னிப்பு வேண்டாம்."

வெர்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவளுக்கு இருக்கறது ஒரு அப்பன். இன்னும் எத்தனை வாரமோ. அதையும் பிடுங்கணுமா?"

"என்கிட்டேர்ந்து பிடுங்கினியே."

"அதனாலதான் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தான். "உப்பு கம்மி, பொடிசு."

அவள் எழுந்து போய் உப்பு எடுத்துவந்தாள். அந்த உப்பை ஏன் எடுத்துவந்தோம் என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்தாள். விடை கிடைக்கவில்லை. அண்ணன் என்ற பாசமா என்றால் இல்லை. ஓப்பல் வாந்தி எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு இன்னொருவர் அப்படி எடுப்பதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் என்று ஒரு நாள் தோன்றும். செய்வதை நிறுத்தினால் அந்த வீட்டுக்குள் போக வேறு காரணம் இல்லை என்பதுதான் நிஜம் என்று இன்னொரு நாள் தோன்றும்.

லோரேன் வாசல்வரை வந்தாள். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள். "எல்லாம் காதுல விழுந்தது," என்றாள். "எனக்கும் தெரியும், டார்லா. எப்பவுமே தெரியும்."

"அப்ப நீ சொல்லேன் அவகிட்ட."

லோரேன் தலையைக் குனிந்துகொண்டாள். டார்லா காரைக் கிளப்பினாள்.

வெர்ன் அக்டோபர் கடைசியில் ஒரு காலை நேரத்தில், வெண்ணெய் தடவிய ரொட்டி பாதி தின்ற நிலையில், தூக்கத்திலேயே போய்விட்டான். வலியில்லாமல் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடக்க ஆராதனைக்கு டார்லா கறுப்புக் கோட்டு ஒன்றைப் பழைய துணிக்கடையில் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சீருடையில் வந்திருந்த பழைய சகாக்களில் இரண்டு பேர் அவளை அடையாளம் கண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். போதகர் வெர்னைப் பற்றிப் பேசினார். நேர்மைக்காகச் சொந்த ரத்தத்தையே விட்டுக்கொடுத்தவர் என்றார். கைவிடப்பட்ட ஒரு குழந்தையைத் தன் குழந்தையாக எடுத்து வளர்த்தவர் என்றார். முன்வரிசையில் கெல்சியின் முதுகு குலுங்கியது. லோரேன் அவளை அணைத்துக்கொண்டாள்.

கல்லறையிலிருந்து திரும்பிச் சபைக்கூடத்தில் சாப்பாடு. பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, பன்றித் தொடை, ஜெல்லி. கெல்சி அவளை இரண்டு பெண்களிடம் அறிமுகப்படுத்தினாள்: "இவங்க டார்லா. அப்பாவோட தங்கை." அந்தப் பெண்கள் கைகுலுக்கினார்கள். உருளைக்கிழங்கு நன்றாக இருக்கிறது, சாப்பிடுங்கள் என்றார்கள்.

டார்லா சாப்பிடவில்லை. கெல்சி காரிலிருந்து எதையோ எடுக்க வெளியே வந்தபோது பின்னாலேயே வந்தாள். வண்டிகள் நிற்கும் இடத்தில் காற்று பலமாக அடித்தது. கொஞ்சம் தள்ளி லோரேன் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

"கெல்சி, ஒரு நிமிஷம். இன்னைக்குச் சொல்லக்கூடாதுதான். ஆனா இன்னொரு நாள் நீ வர மாட்டே." "உன் பாட்டி கேட்டுத்தான் நான் அதைச் செஞ்சேன். திருட்டுத்தனமா இல்ல. அவளா கேட்டா. வெர்னுக்குத் தெரியும். மூணு வாரம் முன்னாடி உங்க வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து என்கிட்ட ஒத்துக்கிட்டான். வேலை போயிடும்னு பொய் சொன்னான்."

கெல்சி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அழுவாள் என்றும் எதிர்பார்த்திருந்தாள். கெல்சி இரண்டும் செய்யவில்லை. பேச்சு வராத குழந்தையிடம் பேசுவது போல, குனிந்து, டார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சொன்னாரு, நீங்க இதைச் சொல்வீங்கன்னு."

"என்ன சொன்னான்?"

"போன வாரம் சொன்னாரு. நான் போனப்புறம் டார்லா வந்து ஒரு கதை சொல்லுவா. அவ மேல கோபப்படாதே. இத்தனை வருஷமா அதை நம்பித்தான் அவ உயிரோட இருக்கா. எதிர்த்துப் பேசாதே, கேட்டுக்கோன்னு சொன்னாரு." கெல்சியின் கண் நிறைந்தது. "கடைசிவரைக்கும் அவர் உங்களை நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு."

டார்லா அவள் தோளைத் தாண்டிப் பார்த்தாள். "லோரேன்!" என்று கத்தினாள். "லோரேன், நீ சொல்லு. நீதான் கேட்டுக்கிட்டிருந்தியே!"

லோரேன் கோட்டை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேண்டாம், டார்லா," என்றாள். "இப்பதான் அவரைப் புதைச்சுட்டு வந்திருக்கோம்."

"எனக்குப் புரியுது, அம்மா, நான் பார்த்துக்கறேன்," என்று கெல்சி சொன்னாள். லோரேனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, டார்லாவைக் கைத்தாங்கலாக அவள் கார்வரை கூட்டிப்போய், கதவைத் திறந்து உட்காரவைத்து, பத்திரமாக ஓட்டிப் போகச் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து, வெங்காயக் கொட்டகையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டார்லாவின் போன் அதிர்ந்தது. கெல்சியின் எண். அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு செய்தியைத் திறந்தாள். அதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டாள். லோரேன் சொல்லிவிட்டாள் என்றுகூட நினைத்துவிட்டாள்.

"எப்படி இருக்கீங்க? அம்மாவுக்குத் தூக்கமே வர மாட்டேங்குது, மூட்டுவலி வேற. அப்பாவுக்குச் செஞ்ச மாதிரி இன்னும் ஒரு போத்தல் செஞ்சு தர முடியுமா? அவசரம் இல்ல."

டார்லா அதை இரண்டு முறை படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோலாண்டா, "என்ன, மோசமான செய்தியா?" என்று கேட்டாள். "இல்ல, மகள்," என்றாள் டார்லா. "உனக்கு மக இருக்காளா? சொல்லவே இல்லையே!" என்றாள் யோலாண்டா.

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி டார்லா பதில் அனுப்பினாள். "முடியாது. உங்க அம்மாவைக் கேளு, ஏன்னு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சரி. உடம்பைப் பார்த்துக்குங்க." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

அவள் காத்திருந்தாள். சங்கு ஊதியதும் எழுந்து, வெங்காயம் நகர்ந்து வரும் இயந்திரப் பட்டைக்கு முன்னால் போய் நின்று, ஓடிவருகிற வெங்காயங்களில் அழுகியதை எடுத்து எறியத் தொடங்கினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வேறு செய்தி வரவில்லை.